ஆயிரம் சிப்பிக்கு என்ன விலை?

பெறுநர்: தலைவர், அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, புது தில்லி.

பொருள்: பொறியியல் இடங்களை முத்துச் சலாப முறைப்படி மதிப்பிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். சலாபம் என்னும் அந்த முத்துக்குளிப்பு நடந்த நாள்களில் அரசுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. விற்கப்போகும் சரக்கின் தரத்தை முன்கூட்டியே சொல்லிவிடும். சிப்பி விளையும் கடலடித் திட்டான பாரைச் சோதித்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். அவற்றை அழுகவைத்துக் கழுவி, சல்லடைகளில் சலித்து, ஆணி முத்து முதல் தூள் வரை நிறுத்து, ஆயிரம் சிப்பி இத்தனை ரூபாய் பெறும் என்று மதிப்பீட்டாளர்கள் கணக்குக் கொடுப்பார்கள். முத்தே இல்லாத சிப்பிகளும் அந்த ஆயிரத்தில் அடக்கம். திறக்காத சிப்பிக் குவியல் அதன் பிறகுதான் ஏலத்துக்கு வரும். பாரில் சிப்பி முற்றவில்லை என்றால் சலாபமே கிடையாது. தாங்களோ 2024-25 முதல், நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கை உச்சவரம்பையே எடுத்துவிட்டீர்கள். அந்தத் தாராளம் சலாபம் நடத்திய அரசுக்கு வரவில்லை.

தங்கள் அங்கீகாரம் பெற்ற கல்லூரிகள் பல அந்தப் பழைய முறையை உதறிவிட்டு, கிடைத்ததிலேயே பெரிய முத்தை மட்டும் பதாகையில் ஏற்றுகின்றன. தங்களுடைய கட்டாய வெளிப்படுத்தல் படிவம் குறைந்தபட்சம், அதிகபட்சம், சராசரி என மூன்று சம்பளங்களையும் கேட்கிறது. அதிகபட்சத்துக்கு மட்டும்தான் பேருந்தின் முதுகில் இடம் கிடைக்கிறது. ஒரு வகுப்பில் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுக்கு 12 லட்சம், 28 பேருக்கு 2 லட்சம், 31 பேருக்கு வேலை இல்லை. பதாகை 12 லட்சம் என்னும். வேலை கிடைத்தவர்களின் சராசரி 2.34 லட்சம். கல்வி அமைச்சகத்தின் தரவரிசை கேட்பது இடைநிலைச் சம்பளம், அதுவும் வேலை கிடைத்தவர்களுடையது மட்டும். ஆகவே 2 லட்சம். அறுபது பேரையும் வரிசையில் நிறுத்தி நடுவில் இருப்பவரைக் கேட்டால், சுழியம். நான்குமே சரியான கணக்குகள்தாம், ஐயா. பெற்றோர் கட்டணம் கட்டுவது நான்காவதை வாங்க. அவர்கள் பார்ப்பது முதலாவதை.

கல்வியைச் சம்பளத்தால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். அளக்கக் கூடாதுதான், முதலில் அளந்தது பதாகை. வேலை மாணவரின் திறமையைப் பொறுத்தது என்பீர்கள். உண்மை. சலாப மதிப்பீட்டாளரும் எந்தச் சிப்பிக்கும் உத்தரவாதம் தரவில்லை, மாதிரியை மட்டும் காட்டினார். தூத்துக்குடியில் வின்பாஸ்ட் மின்கார் ஆலை 2025 ஆகஸ்டில் திறந்தாயிற்று, பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, இனி எல்லாம் மாறும் என்றும் சொல்லலாம். மாறட்டும். ஆனால் ஆலை வருவது வேறு, அதில் இந்தக் கல்லூரியின் எத்தனை பேர் என்ன சம்பளத்தில் சேர்ந்தார்கள் என்பது வேறு.

உப்பளத்தில் உழைக்கும் குடும்பம் பிள்ளைக்கு 4 லட்சம் கல்விக் கடன் வாங்கினால், 10 விழுக்காடு வட்டியில், 10 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 5,300 ரூபாய். ஆண்டுக்கு 2 லட்சம் சம்பாதிப்பவருக்கு இது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்தக் கணக்கைப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையே போட்டுவிடும். அதற்குத் தேவையான எண்தான் கிடைப்பதில்லை.

ஆகவே, கலந்தாய்வு தொடங்குமுன் ஒவ்வொரு கல்லூரியும் பாடப்பிரிவு வாரியாக, வேலை கிடைக்காதவர்களையும் சேர்த்து, மூன்றாண்டு இடைநிலைச் சம்பளத்தைப் பதாகையில் அதே எழுத்தளவில் போட ஆணையிட வேண்டுகிறேன். அது சிரமம் என்றால், பதாகைகளில் சிரிக்கும் அந்த ஒரு மாணவர் எத்தனை கல்லூரிகளுக்குப் பொதுவானவர் என்பதையாவது தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
தூத்துக்குடி மனுதாரர்