மாற்று மடிக்கணினி இயல்: எடிட்டிங்கும் லேசான விளையாட்டும்

மாற்று மடிக்கணினி என்பது, பழையது இனி ஆகாது என்று வீட்டாரிடம் நிறுவிய பின் வாங்கப்படும் கருவி. ஆகாமைக்குரிய அறிகுறிகள் கீல் விடுதல், பேட்டரி உப்புதல், விசிறி இரைதல் என்பன. இவற்றுள் ஒன்றும் வாய்க்காதவருக்கு 2025 அக்டோபர் 14 கைகொடுத்தது. அன்றோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் சில்லுகளோ, சில விலக்குகள் நீங்கலாக, 8ஆம் தலைமுறையிலிருந்தே தொடங்குகின்றன. நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினிகளும் தக்க சான்றுடன் பழசாயின.

வாங்கும் நோக்கம் மூன்று: தொழில், எடிட்டிங், விளையாட்டு. பில் முதலாவதன் பெயரில் போடப்படும். விலைக்கு இரண்டாவது காரணம் சொல்லும். கணினி மூன்றாவதற்கு உழைக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிலுக்கு வாங்கியதென்றால் 18 விழுக்காடு ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம் ஆதலின், முதல் நோக்கம் ஒருநாளும் சாவதில்லை. லேசான விளையாட்டு என்பதில் லேசாக இருப்பது கிராபிக்ஸ் கார்டு மட்டுமே. ஆடும் நேரம் அன்று.

தொழில்முறை மடிக்கணினிகளுள் பேர்பெற்றவை திங்க்பேட், லாட்டிடியூட், எலைட்புக். திங்க்பேட் 1992இல் ஐபிஎம் வீட்டில் பிறந்து 2005இல் லெனோவாவுக்குப் போனது. லாட்டிடியூட் என்ற பெயரை டெல் 2025இல் கைவிட்டது. பழைய சரக்கில் அப்பெயர் நெடுங்காலம் வாழும். நல்ல கீபோர்டு, ஸ்க்ரூ கழற்றினால் திறக்கும் அடிப்பாகம், தயாரிப்பாளரே வெளியிடும் பழுதுநீக்கக் கையேடு ஆகியன இவ்வகையின் சிறப்பு. அமெரிக்க ராணுவத்தின் மில்-எஸ்டிடி-810 தரப்படி தேறியது என்றும் விளம்பரம் உண்டு. எந்தெந்தச் சோதனை என்பதைத் தயாரிப்பாளரே தெரிந்தெடுப்பதால், படித்த பாடத்தில் மட்டும் பரீட்சை எழுதித் தேறியதாக இதைக் கொள்க.

இவ்வகையின் குறை திரையில் உள்ளது. அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் மாடல்களில் பல ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ என்னும் குறுகிய வண்ணப் பரப்புத் திரை உடையவை. எக்செல் தாளுக்கு இது தாராளம். கல்யாண வீடியோவுக்கோ, எஸ்ஆர்ஜிபி என்னும் பொதுத்தர வண்ணங்களுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கண்ணில் படாது. அரக்குப் பட்டு வெளிறித் தோன்றும். எடிட்டர் வண்ணச் செறிவைக் கூட்டுவார். மணமகள் வீட்டு டிவியில் முகூர்த்தம் தீப்பற்றி எரியும். குறை திரையினது; பழி எடிட்டருக்கு. 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்பது ஏறத்தாழ முழு எஸ்ஆர்ஜிபி. அதற்குக் குறைந்ததை எடிட்டிங் செய்பவர் தொடவே வேண்டாம்.

ரேம் 16 ஜிபியேனும் வேண்டும். மெலிந்த மாடல்களில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். எக்ஸ்1 கார்பனில் பின்னர் கூட்ட வழியே இல்லை.

கிராபிக்ஸ் பற்றிச் சான்றோர் இருவகைப்படுவர். சில்லுக்குள் இருப்பதே போதும் என்பார், ஏஎம்டியின் 680எம் (2022), 780எம் (2023) ஆகியவற்றைக் காட்டுவர். தனிக் கார்டு இன்றி அமையாது என்பார், ரெண்டரிங் என்று சொல்லிக்கொண்டே வேறொன்றை நினைப்பர். இருசாராரையும் அடக்கவல்லது திங்க்பேட் பி, டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக் என்னும் ஒர்க்ஸ்டேஷன் வகை. இவற்றுள் சிலவற்றில் உள்ள குவாட்ரோ டி1000, டி2000 கார்டுகளின் சில்லு டியு117. கேமர்கள் வாங்கும் ஜிடிஎக்ஸ் 1650இல் இருப்பதும் அதுவே. வண்ண விளக்கு ஏதும் எரியாததால் அலுவலகக் கூட்டத்தில் எவரும் ஐயுறார். சார்ஜரின் எடை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

புதிதாக வாங்கினால் விலை தாங்காது. கம்பெனிகள் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கழித்தவை சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும். தேய்ந்த பேட்டரியும் கீறலும் பேரத்துக்கு உதவும் சிறு குற்றங்கள். பழைய கம்பெனியின் பயாஸ் பாஸ்வேர்டோ, தொலைவிலிருந்து கணினியை ஆளும் நிர்வாகப் பூட்டோ நீங்காதிருப்பது பெருங்குற்றம். விண்டோஸை மறுபடி நிறுவினாலும் அது போகாது. கடையிலேயே பயாஸுக்குள் நுழைந்து பார்த்து, இணையத்தில் இணைத்து விண்டோஸைப் புதிதாக அமைத்துக் காட்டச் சொல்லி, அதன் பின்னரே பணம் கொடுக்கவும்.