கடலோட ஒரு வேலி வழக்கு

வா மோனை, இப்பிடி இரு. மனம் விட்டுப்போட்டுது எண்டு சொன்னியாம், கொம்மா சொல்லிக் கவலைப்பட்டவ. பூமி சூடேறுது, கடல் ஏறுது, அரசியல்காரர் ஒருத்தரும் ஒண்டும் செய்யினமில்லை, இனி என்ன செய்து என்ன பிரயோசனம் எண்டு ஃபோனைப் பாத்துக்கொண்டு படுத்துக் கிடக்கிறியாம். நல்ல முடிவு. நான் குறை சொல்ல மாட்டன். மனம் விடுறதைப்போல சுகமான தொழில் உலகத்தில வேற இல்லை. மண்வெட்டி தேவையில்லை, வெயிலுக்கை நிக்கத் தேவையில்லை, சாப்பாடும் கட்டிலடிக்கு வரும்.

உன்ர முடிவைக் கேட்டுச் சந்தோசப்படுற ஆக்கள் வேறயும் இருக்கினம், கண்டியோ. கொழும்பில இருக்கிற மந்திரி, வோட்டுக் கேக்க மட்டும் ஒழுங்கைக்கை வாற எம்பி, எங்கையோ பாலைவனத்தில எண்ணெய் தோண்டுற கொம்பனிக்காரன், எல்லாருக்கும் நீ படுத்தது பெரிய ஆறுதல். ‘ஏலாது’ எண்டு சொல்லுறது அவையின்ர வேலை. அதை நீ சம்பளமில்லாமல் செய்து குடுக்கிறாய். புண்ணியவான்.

நீ சொல்லுறதில பொய் இல்லை. வாசிகசாலையில நானும் பேப்பர் பாக்கிறனான். 1995 இல பேர்லினில முதல் காலநிலை மகாநாடு கூடினவை. 2025 இல பிரேசிலில பெலெம் எண்ட ஊரில முப்பதாவது. முப்பது தரம் கூடினாப் பிறகும் கடைசித் தீர்மானத்தில எண்ணெய், நிலக்கரி எண்ட பேரை எடுக்கக் கூச்சப்பட்டிட்டினம். கூட்டம் கலைஞ்சு ஒரு கிழமை ஆகேல்லை, டித்வாப் புயல் வந்து இலங்கையில 600 பேருக்கு மேல கொண்டுபோட்டுது.

எங்கட பக்கத்துக்கு வா. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு. காத்துக்கும் வெயிலுக்கும் அங்க பஞ்சமில்லை, ஆனால் லைற் எரிஞ்சது டீசல் எஞ்சினில. காத்தாலையும் சூரியத் தகடும் போடச் சொல்லி 2021 தையில அமைச்சரவை ஒரு சீனக் கொம்பனிக்குக் குடுத்தது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டச் சீனரோ எண்டு இந்தியா முகத்தைச் சுளிச்சுது. வருசக் கடைசியில சீனர் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாலைதீவுக்குப் போட்டினம். 2022 பங்குனியில, நாங்கள் செய்து தாறம் எண்டு இந்தியா கையெழுத்து வைச்சுது. வேலையைச் செய்யிற கொம்பனியோட ஒப்பந்தம் எழுதினது 2024 பங்குனியில. மூண்டு வருசம் காத்து சும்மா அடிச்சுது. பாஸ்போட் கேக்காமல் தீவுக்கு வந்து போறது அது ஒண்டுதான். அதையும் பிடிக்க விடேல்லை.

கவுண்மேந்து ஒண்டும் செய்யுதில்லை எண்டு அழுகிறாய். செய்த நேரத்தை மறந்திட்டியோ? 2021 சித்திரையில, இனி இரசாயன உரம் இறக்கேலாது எண்டு அப்ப சனாதிபதியா இருந்த கோட்டாபய அறிவிச்சார். தோட்டக்காரனை ஒரு சொல்லுக் கேக்கேல்லை. ஊரில வெங்காயம் வைச்சவன், மிளகாய் வைச்சவன், புகையிலை நட்டவன் எல்லாரும் வானத்தைப் பாத்தினம். அவர் கிளாஸ்கோ காலநிலை மகாநாட்டுக்குப் போய் இயற்கைப் பசளையைப் பற்றிப் பேசிப்போட்டு வந்தார். அந்தக் கார்த்திகை முடிய முன்னம் தடையை எடுத்தாச்சு. எண்ணம் கூடாது எண்டு நான் சொல்லேல்லை. எங்கட கிணறுகளில நைத்திரேற்று ஏறினதுக்கு அந்த உரமும் ஒரு காரணம்தான். எண்டாலும் குழந்தைக்குச் சோறு பழக்கிறதுக்கு முதல் பாலை நிப்பாட்டினால் பிள்ளை கத்தும்தானே. ஆகையால் ஆரையாவது கண்ணை மூடி நம்பு எண்டு உனக்குப் புத்தி சொல்ல நான் வரேல்லை. நம்புறதுக்கு ஆள் தேடினால் நீ திரும்பவும் கட்டிலுக்குத்தான் போவாய்.

இப்ப வேலிக் கதைக்கு வருவம். பக்கத்து வளவுக்காரன் வேலி அடைக்கேக்கை கதியாலை ஒரு விரல் உள்ளுக்குத் தள்ளி நடுவான். அடுத்த முறை இன்னொரு விரல். ஒரேயடியா ஒரு முழம் தள்ள மாட்டான், தள்ளினால் கத்தி எடுப்பம் எண்டு தெரியும். கடல் செய்யிறதும் உதுதான். 1901 இல இருந்து 2018 வரைக்கும் உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் ஏறிப்போட்டுதாம். கிட்டத்தட்ட ஒரு சாண். போன நூற்றாண்டின்ர முதல் பாதியிலயும் அதுக்குப் பிறகு கொஞ்சக் காலமும் வருசத்துக்கு 1.3 மில்லிமீற்றர் மட்டில தள்ளினவர், 2006 க்குப் பிறகு 3.7 மில்லிமீற்றர் தள்ளுறார். கள்ளனுக்குத் துணிவு வந்திட்டுது.

எங்கட வளவு வேற ஒரு மாதிரி வளவு. யாழ்ப்பாணக் குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லு. ஆறெண்டு சொல்ல மாரிக்கு மட்டும் ஓடுற வழுக்கையாறு ஒண்டு. மழைத்தண்ணி கல்லுக்கை இறங்கி, அடியில கிடக்கிற உவருக்கு மேல மிதக்குது. அதைத்தான் குடிக்கிறம், அதைத்தான் தோட்டத்துக்கு இறைக்கிறம். புத்தூர் நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணி, ஆழத்தில உப்பு. சந்தேகமெண்டால் போய்ப் பார். படிச்ச ஆக்கள் ஒரு கணக்குச் சொல்லுவினம்: கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நன்னீர் நிண்டால், அது கீழ 40 அடிக்கு உவரைத் தள்ளி வைச்சிருக்கும். அப்ப மேல ஒரு அடியை மிசின் போட்டு உறிஞ்சினால் கீழ எவ்வளவு ஏறப் பாக்கும் எண்டு நீயே கணக்குப் பார். துலா மிதிச்ச காலத்தில மனிசன் களைச்சால் கிணறு ஆறும். மிசினுக்குக் களைப்பில்லை.

ஆகக் கடல் மட்டும் கள்ளனில்லை. உள்ளுக்கை நிண்டு கதியாலைப் பிடுங்கிக் குடுக்கிறது நாங்கள். கனடாவில இருந்து கொத்தான் காசு அனுப்பினவுடன முத்தம் முழுக்கக் கல்லுப் பதிச்சாச்சு. ஒரு சொட்டு மழை மண்ணுக்கை இறங்கக் குடுத்துவைக்கேல்லை. வெள்ளம் றோட்டுக்குப் போய், றோட்டால கடலுக்குப் போகுது. பங்குனியில கடைக்குப் போய் போத்தலில தண்ணி வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் கல்லில நிண்டு, ‘கவுண்மேந்து சரியில்லை’ எண்டு கதைக்கிறியள். வடிவான கல்லு, நான் குறை சொல்ல மாட்டன்.

கவுண்மேந்து சரியில்லைத்தான். 1950 களில நீர்ப்பாசன எஞ்சினியர் ஆறுமுகம் ஒரு திட்டம் கீறினவர். ஆனையிறவுக் கடல்நீரேரியை நன்னீராக்கி, முள்ளியானால வாய்க்கால் வெட்டி, வடமராட்சிப் பக்கம் கொண்டு வந்து எங்கட கிணறுகளுக்கு ஊத்துக் குடுக்கிறது. தொண்டமானாத்திலயும் அரியாலையிலயும் தடுப்பணை கட்டினவை. வாய்க்கால் முடியேல்லை. ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தத் திட்டத்தைத் தூசு தட்டி எடுத்து, தேர்தல் முடிய மடிச்சு வைப்பினம். பேந்து இரணைமடுக் குளத்துத் தண்ணி தாறம் எண்டினம். கிளிநொச்சிக் கமக்காரர் மறிச்சினம், அவை சொன்னதிலயும் நியாயம் இருந்தது. கடைசியில 2024 ஆவணியில தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற ஆலை திறந்தாச்சு. நாளுக்கு 24,000 கன மீற்றர். கடல் எங்கட கிணத்தைக் குடிக்குது, நாங்கள் கடலைக் குடிக்கிறம். கரன்ட் பில் வரேக்கை ஆர் ஆரைக் குடிச்சது எண்டு தெரியும்.

இதையெல்லாம் கேட்டு இன்னும் மனம் விடுதோ? அப்ப ஒண்டு கேக்கிறன். அரைக் குழிக் காணிக்கு மூண்டு தலைமுறை வழக்குப் பேசின சனம் நாங்கள். பேரன் போட்ட வழக்குக்கு மோன் அப்புக்காத்துப் பிடிச்சு, பேரப்பெடியன் பஸ் ஏறிக் கோட்டுக்குப் போன ஊர் இது. அந்த அரைக் குழியில நாலு பூவரசங் கதியாலும் ஒரு ஓணானும்தான் இருந்தது. வழக்குச் செலவுக்கு முழுக் காணியையும் ஈடு வைச்சினம். ஒருத்தனாவது ‘எனக்கு நம்பிக்கை போட்டுது’ எண்டு கட்டிலில படுத்தவனோ? வழக்குக்காரன் நம்பிக்கை இருக்கோ எண்டு தன்னைக் கேக்க மாட்டான். அடுத்த தவணை எப்ப எண்டு கேப்பான். அந்தப் பிடிவாதத்தை அரைக் குழிக்குச் செலவழிக்கேலும், பூமிக்குச் செலவழிக்க ஏலாதோ?

வெல்லுறதும் உண்டு. சுன்னாகத்தில மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளுக்கை வந்த கதை உனக்குத் தெரியும். சனம் வாளியோட நிண்டு கத்தினது. விசாரணை, அறிக்கை, மறுப்பறிக்கை எண்டு இழுபட்டுது. 2015 இல வழக்கை உயர் நீதிமன்றத்துக்குக் கொண்டு போனவர் ரவீந்திர காரியவசம் எண்ட சிங்களச் சுற்றாடல்காரர். எங்கட கிணத்துக்கு அவர் அலைஞ்சார். 2019 சித்திரையில தீர்ப்பு: பாதிக்கப்பட்ட சனத்துக்கு மின் நிலையக் கொம்பனி 2 கோடி ரூபா குடுக்கவேணும். கிணத்துக்கு அது காணாது. ஆனால் நாலு வருசத்தில தீர்ப்பு! எங்கட வேலி வழக்கில நாலு வருசத்துக்கு அளவைக்காரனே வரமாட்டான்.

பெரிய கோட்டுக் கதையும் கேள். பசிபிக் தீவுகளில சட்டம் படிச்ச 27 பெடிபெட்டையள், 2019 இல, வகுப்பில இருந்து கதைச்சுக் கிளம்பினவை. கடல் அவையின்ர வேலியையும் தள்ளுது. வனுவாத்து எண்ட குட்டி நாட்டைப் பிடிச்சினம், ஐக்கிய நாடுகள் சபைக்குப் போச்சினம், 2025 ஆடியில ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம் வாய் திறந்தது: காலநிலையைக் காக்கிறது அரசுகளின்ர சட்டக் கடமை எண்டு. ஆலோசனைக் கருத்துத்தானே, தீர்ப்பில்லையே எண்டு நீ சட்டம் கதைப்பாய். தெரியும் மோனை. அவைக்கு அடுத்த தவணை கிடைச்சிருக்கு.

சனம் மாறாது எண்டு இன்னொரு பல்லவி பாடுவாய். பேர்லினில முதல் மகாநாடு நடந்த அந்த 1995 இல நாங்கள் இஞ்ச எப்பிடி இருந்தம் எண்டு கொப்பரைக் கேள். பொருளாதாரத் தடை, கரன்ட் இல்லை. மோட்டச்சைக்கிளை ரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைச்சு, பேந்து மண்ணெண்ணெயில ஓட்டினம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டம். குப்பி விளக்கில படிச்சுப் பெடியள் கம்பஸ் போனவை. காபன் குறைச்ச சனம் எண்டு ஒரு மகாநாட்டுக்காரனும் வந்து எங்களுக்குப் பதக்கம் குத்தேல்லை. அந்தக் காலம் திரும்ப வேணும் எண்டு சொன்னால் எனக்கு விசர். அது கழுத்தில கத்தி வைச்சுப் பழக்கின பழக்கம். ஆனால் மனிசன் எவ்வளவு கெதியாத் தன்ர சீவியத்தை மாத்துவான் எண்டதுக்கு நான் கண்ட சாட்சி.

மரம் நடுறவையையும் நக்கலடிக்கிறியாம். 2014 இல வடமாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதமெண்டு அறிவிச்சுது. அந்தச் சபையின்ர காலம் 2018 ஐப்பசியில முடிஞ்சுது, வருசக்கணக்காத் தேர்தலும் வைக்கேல்லை. நட்டதில கொஞ்சம் மாடு திண்டது, கொஞ்சம் வெயில் திண்டது, கொஞ்சம் நிக்குது. சபை பட்டுப்போச்சு, மரம் நிக்குது. அரசியல் ஆராய்ச்சி பண்ணுறவைக்கு உதுக்கு மேல என்ன வேணும்?

சரி, செய்யிற வேலையைச் சொல்லுறன். கொத்தான் பதிச்ச கல்லில நாலு வரிசையைக் கிளப்பு, மழை இறங்கட்டும். அவர் வீடியோ கோலில வந்தால் கமெராவைக் கூரைப் பக்கம் பிடி. ஊர்க் குளத்தைப் புரட்டாதிக்கு முதல் தூர்வாரப் பெடியளைச் சேர். வராதவன்ர பேரைக் கோயில் நோட்டீஸில போடுவம் எண்டு ஒரு கதையை அவிட்டு விடு, எல்லாரும் வருவினம். வோட்டுக் கேட்டு வாறவருக்குச் சோடா குடுக்காதை. முள்ளியான் வாய்க்கால் எப்ப எண்டு கேள். அவர் சிரிப்பார். திகதியைக் கொப்பியில எழுது. அடுத்த முறை வந்தால் கொப்பியை விரிச்சு வைச்சுக்கொண்டு திரும்பக் கேள். எதிரிக் கட்சிக்காரனுக்கும் அதே கேள்வி, அதே கொப்பி.

அதோட ஒரு பெட்டிசம். எங்கட ஊர் ஆக்கள் பெட்டிசம் எழுதி வாத்தியாரை மாத்தியிருக்கினம், விதானையை மாத்தியிருக்கினம், ஸ்ரேசன் மாஸ்ரரைக் கூட மாத்தியிருக்கினம். தொண்டமானாத்துத் தடுப்பணையைப் பற்றி ஒண்டு எழுது. பதில் வராது. வராத பதிலுக்கு நினைவூட்டல் எழுது, பிரதி கச்சேரிக்கு, பிரதி பத்திரிகைக்கு. கொடாக்கண்டருக்கு விடாக்கண்டரைத் தவிர வேற மருந்தில்லை. முத்திரைக் காசு நான் தாறன். கடனாத்தான், உன்ர பேரில எழுதி வைச்சிருக்கிறன், வட்டி இல்லை.