கொலை எழுதுகிறவர் சொன்னால் கேட்கலாம்

சேலம் ஜங்ஷன் இருப்பது சூரமங்கலத்தில். அங்கே க்ரைம் நாவலும் கையுமாக ரயிலேறுகிறவர், ஈரோடு வருவதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்தாக வேண்டும் என்று எழுத்தாளரிடம் எதிர்பார்க்கிறார். அதே எழுத்தாளர் வரதட்சணையைப் பற்றியோ தேர்தலைப் பற்றியோ வாய் திறந்தால் மட்டும், "உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், பேசாம நல்லதா ஒரு கொலை பண்ணுங்க" என்கிறார். ஏற்காடு சாலை மாடர்ன் தியேட்டர்ஸிலிருந்து 1966இல் 'வல்லவன் ஒருவன்', 1970இல் 'சி.ஐ.டி. சங்கர்' என்று படமெடுத்து ஜெய்சங்கர் கையில் துப்பாக்கி கொடுத்து அனுப்பிய ஊருக்கு இந்த இளக்காரம் ஆகாது. அன்றாட வாழ்க்கையைப் பொறுத்தவரை, குடும்பக் கதை எழுதுகிறவரைவிட மர்மக் கதை எழுதுகிறவரையே நம்பலாம் என்பது என் கட்சி.

குடும்பக் கதையின் நாயகி கண்ணீரோடு ரயிலேறினால், எந்த ரயில் என்று யாரும் கேட்பதில்லை. கொலைகாரன் ஏறினால் நேரம், பிளாட்பாரம், அது அங்கே எத்தனை நிமிடம் நிற்கும் என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். பிசகினால் ரயில்வே காலனியிலிருந்தே ஒரு கடிதம் போகும். பால் எத்தனை மணிக்கு வருகிறது, மாற்றுச் சாவி யாரிடம் இருக்கிறது, வீட்டுப் பத்திரம் யார் பேரில் இருக்கிறது என்பது தெரியாமல் மர்மக் கதை எழுதுகிறவரால் ஓர் அத்தியாயம் நகர்த்த முடியாது. மற்றவர்கள் பாசம் என்று எழுதிவிட்டுப் போகிற இடத்தில் இவர் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்க்கிறார். துப்பறியும் வக்கீல்கள் கணேஷ்-வசந்த்தைப் படைத்த சுஜாதா பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்தபடியே கணையாழியின் கடைசிப் பக்கங்களில் உலக விஷயங்களை விசாரித்தார். தன் துப்பறிவாளர் சங்கர்லாலுக்குத் தேநீர் கொடுத்துக்கொண்டே இருந்த தமிழ்வாணன், உடல்நலம் முதல் வாழ்க்கை முன்னேற்றம் வரை 'கல்கண்டு' வாசகர்களுக்கு யோசனை சொன்னார். தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாகப் பாதி முகம் தெரியாத மனிதரிடம் தமிழ்நாடு முழு மனசோடு யோசனை கேட்டது.

எதையும் சந்தேகிக்கிறவர் சமூகத்தைப் பற்றி என்ன நல்லது சொல்லிவிடப் போகிறார் என்பார்கள். சூரமங்கலத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். "எந்த ஊருங்க? என்ன ஆளுங்க? கவுச்சி பொழங்குவீங்களா? சொந்தக்காரங்க அடிக்கடி வருவாங்களா?" என்று வீட்டுக்காரர் நடத்தும் குறுக்கு விசாரணைக்கு வசந்த்தே திணறிப்போவான். அதற்குப் பெயர் சந்தேகமில்லையாம், ஜாக்கிரதையாம். வித்தியாசம் என்னவென்றால், வீட்டுக்காரரின் சந்தேகம் எப்போதும் கீழ்நோக்கியே பாயும்: நகை காணவில்லை என்றால் முதலில் உதறப்படுவது வேலைக்கார அம்மாவின் பை. மர்ம நாவலில் அந்த அம்மாள் மேல் பத்தாம் பக்கத்தில் பழி விழும், முப்பதாம் பக்கத்தில் விலகும். கடைசியில் மாட்டுவது டிரஸ்டியோ டாக்டரோ, வெள்ளை வேட்டியில் கோயிலுக்குப் போய்வரும் பெரியவரோ. கனவான்களையும் வரிசையில் நிறுத்திச் சமமாகச் சந்தேகிக்கும் இந்த ஜனநாயகம், நம் ஊர்ப் பஞ்சாயத்துகளில் எத்தனைக்கு உண்டு?

கோவை ராஜேஷ்குமார் 1500க்கும் மேல் நாவல் எழுதியிருக்கிறாரே, இவர்களுக்குச் சமூகத்தைப் பார்க்க ஏது நேரம் என்று கேட்டால், கேள்வி நியாயம்தான். ஆனால் அத்தனை கொலைக்கும் அத்தனை காரணம் வேண்டுமே. சொத்து, கடன், ஜாதி, சீட்டுப் பணம் என்று ஊரிலிருந்துதான் அதை எடுத்தாக வேண்டும். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் இவர்கள் கருத்தைத் தள்ளுபடி செய்துவிடலாம். செல்போனும் சிசிடிவியும் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டன என்று எந்த மர்ம எழுத்தாளராவது புலம்பினால், அது பிழைப்புப் போன வயிற்றெரிச்சல். கேமரா வைத்த ஜங்ஷனில் ஒரு கொலைகாரனை நிம்மதியாக இறக்கிவிட முடியவில்லையே!

மற்றபடி அவர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த முறை வீட்டில் நகை காணவில்லை என்றால், வேலைக்கார அம்மாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் மாப்பிள்ளை எங்கே என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.