மே மாதத்தை ரத்து செய்த அலுவலருக்கு ஒரு மளிகைக் கடைக்காரரின் கடிதம்

அனுப்புநர்:
கடன் நோட்டு வைத்திருக்கும் மளிகைக் கடைக்காரர்,
அரசு நடுநிலைப் பள்ளிக்கு எதிரில்.

பெறுநர்:
பகுதிநேர ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் வேண்டியதில்லை என்று கோப்பில் முதன்முதலில் எழுதிய அலுவலர் அவர்கள்,
தலைமைச் செயலகம், சென்னை-9.

நாள்: 2-5-2025

பொருள்: பள்ளிக் கல்வி – தொகுப்பூதியம் – மே மாதச் செலவினம் எனது கடையால் ஏற்கப்பட்டு வருவது – தொகையைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

பார்வை: எனது கடன் நோட்டு.

ஐயா,

நேற்று மே தினம். 1923-ல் தொழிற்சங்கத் தலைவர் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றிக் கொண்டாடிய நாள். ஊதியத்துடன் கூடிய விடுமுறை என்றார்கள். எங்கள் பள்ளியின் பகுதிநேர ஓவிய வாத்தியாருக்கு விடுமுறை மட்டும் வந்து சேர்ந்தது. ஏப்ரல் சம்பளம் வாங்கியவர் அடுத்த சம்பளத்தை ஜூன் கடைசியில்தான் பார்ப்பார். நடுவில் ஒரு மாதத்தையே காணோம். பஞ்சாங்கக்காரர்கள் அதிகமாதம் என்று ஒன்றைக் கூட்டித்தான் நான் பார்த்திருக்கிறேன். ஒரே வரியில் கழித்துக்காட்டியவர் தாங்கள்.

2012-ல் ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி என்று 16,549 பேரை எடுத்தீர்கள். கல்வி உரிமைச் சட்டம் கேட்டது, நீங்களும் கொடுத்தீர்கள். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 10,000 ஆகி, பிறகு 12,500 ஆனது. 7,000-க்கு மேல் 700 என்று முடிவு செய்த கூட்டத்தில் டீ, வடை வந்திருக்கும் அல்லவா? அந்த பில் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசை.

மூன்று அரைநாள்தானே, மீதி நேரத்தில் வேறு வேலை பார்க்கட்டுமே என்பீர்கள். திங்கள் காலையும் புதன் காலையும் வெள்ளி காலையும் வர முடியாது என்பவரை எந்த முதலாளி வேலைக்கு வைப்பார்? நான் வைக்க மாட்டேன். அது போக, ஆண்டு விழா மேடைக்கு எழுத, விழிப்புணர்வு ஊர்வலத்துக்குத் தட்டி வரைய, வராத ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்று அரைநாள் எப்போது முழுநாள் ஆகும் என்று அவருக்கே தெரியாது.

இனி என் நோட்டுக்கு வருகிறேன். போன வருடம் ஓவிய வாத்தியாரின் ஏப்ரல் பக்கத்தில் துவரம்பருப்பு ஒரு கிலோ, பாக்கெட் எண்ணெய், குளியல் சோப்பு மூன்று. மே பக்கத்தில் பருப்பு கால் கிலோ, சில்லறை எண்ணெய், சோப்பு ஒன்று. பிள்ளைக்கு பிஸ்கட் என்று எழுதி, அதை அவரே அடிக்கச் சொன்ன வரியும் இருக்கிறது. ஜூனில் நோட்டுப் புத்தகம், பை, பஸ் காசு எல்லாம் சேர்ந்து கணக்கு இன்னும் ஏறும். இந்தப் பற்றை அடைக்க தீபாவளி ஆகிவிடும். அப்புறம் பொங்கல், அவருக்கு போனஸ் கிடையாது. நிமிர்வதற்குள் மறுபடியும் மே.

மே மாதத்தில் அவர் வீடுகளுக்கு பெயின்ட் அடிக்கப் போகிறார். முன்பென்றால் சுவர் விளம்பரமாவது எழுதியிருப்பார், அதை ஃபிளெக்ஸ் விழுங்கிவிட்டது. உடற்கல்வி ஆசிரியருக்கு முகூர்த்த நாள் பார்த்து கேட்டரிங். போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு அவர் வர, இலையில் உட்கார்ந்திருந்தது எட்டாம் வகுப்புப் பையன். பழக்க தோஷத்தில் எழுந்து நின்று "குட் மார்னிங் சார்" என்றுவிட்டான். பந்தியே திரும்பிப் பார்த்தது. உட்கார் என்று கையைக் காட்டிவிட்டு அவர் அடுத்த இலைக்குப் போனார். நான் பக்கத்து இலையில் இருந்தேன்.

இவர்கள் வங்கிக்குப் போனால் "பெர்மனன்டா?" என்கிறார்கள். பெண் கேட்டுப் போனாலும் அதே கேள்விதான். பதின்மூன்று வருடமாக இவர்கள் பதில் மாறவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது முப்பதுகளில் இருந்தவர்கள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள்.

பணி நிரந்தரம் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். நுங்கம்பாக்கத்தில் கல்வித் துறை வளாகத்தின் முன் உட்கார்ந்தார்கள். போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். எடுத்தது ஓர் ஆட்சி; நிரந்தரமாக்குவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் எழுதி ஓட்டு வாங்கியது இன்னோர் ஆட்சி. மே மாதத்தை எடுத்துவிடும் கொள்கையில் மட்டும் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

தற்காலிகப் பணியாளர் உரிமை கோர முடியாது என்பதற்கு 2006 உமாதேவி தீர்ப்பை எடுத்துக் காட்டுவீர்கள் என்று அறிவேன். கடைக்காரன்தான், ஆனால் பொட்டலம் மடிக்கிற பேப்பரைப் படித்துவிட்டுத்தான் மடிப்பேன். அந்தத் தீர்ப்பைக் காட்டியே நெடுங்காலம் உழைத்தவர்களைக் கைகழுவக் கூடாது என்று 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்கள் போட்ட வழக்கு அது. அந்தத் தீர்ப்பு தங்கள் மேசைக்கு வந்துவிட்டதா?

ஒரு யோசனையும் சொல்கிறேன். இந்த ஏற்பாடு அவ்வளவு சிக்கனமானது என்றால் தங்கள் இருக்கையிலிருந்தே தொடங்கலாமே. கோடையில் கோப்புகளும் மந்தமாகத்தான் நகரும். மே மாதம் தாங்கள் வீட்டில் இருங்கள். மளிகைக்கு என் கடைக்கு வரலாம், தங்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கித் தருகிறேன்.

அது முடியாதென்றால் என் கோரிக்கை சிறியது. அரசின் மே மாதச் செலவை இத்தனை வருடம் வட்டியில்லாமல் நான் சுமந்திருக்கிறேன். அந்தப் பணத்தை எனக்கு அனுப்ப வேண்டாம். இந்த மே மாதச் சம்பளத்தை வாத்தியார் கையில் கொடுத்துவிடுங்கள், பாக்கியை நான் அவரிடம் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கடைக்காரர்.