பேக்கப்பைச் சுருக்குவார் மரபும் மறுப்பார் மரபும்: ஓர் ஆய்வு

சர்வர் பேக்கப்பைச் சுருக்கி எடுப்பதா, உள்ளபடியே எடுப்பதா என்ற வினாவில் அட்மின் உலகம் இரு சமயமாகப் பிரிந்து கிடக்கிறது. ஆய்வு வசதிக்காக முன்னவரைச் சுருக்கியர் என்றும் பின்னவரை அப்படியர் என்றும் வழங்குவோம்.

சுருக்கியருக்கு மூலவர் லெம்பெல், ஜிவ் என்னும் இருவர். 1977இல் அவர்கள் வகுத்த நெறியின் சாரம்: முன்பே வந்த தொடர் மீண்டும் வந்தால் அதை எழுதாதே, இத்தனை எழுத்து பின்னால் போய்ப் பார் என்று கைகாட்டிவிடு. சர்வரின் லாக் கோப்பு இதற்கென்றே பிறந்தது. ஒரே பிழையை ஒரே சொற்களில் விடிய விடியப் புலம்பும் அதனை, இந்நெறியில் நடக்கும் ஜிசிப் என்னும் மென்பொருள் அநாயாசமாக மடித்துவிடும்.

அப்படியர் தடை எழுப்புவர்: ஜேபெக் படமும் வீடியோவும் முன்பே சுருங்கியவை, பிழிந்த வேட்டியை மறுபடி முறுக்கினால் கைவலிதான் மிச்சம். இத்தடை கொள்ளத்தக்கதே. அத்தகைய கோப்பு ஜிசிப்புக்குள் போய்ச் சற்றுப் பருத்து வெளிவருவதும் உண்டு. மறையாக்கம் செய்துவிட்டுப் பிறகு சுருக்குவாரும் உளர். அவரோடு வாதிடல் வீண். மறையாக்கியதில் மடிப்பதற்கேற்ற மறுவரவு ஏதும் இராது.

இனி அளவைக்கு வருவோம். 1 கிகாபிட் நெட்வொர்க்கில் நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் போகாது. ஒரே கோரில் ஓடும் ஜிசிப் அந்த வேகத்தை எட்டுவதே அரிது. பக்கத்துக் கோர்கள் வேடிக்கை பார்க்க, கம்பி காத்துக்கிடக்கும். இவ்விடத்து அப்படியர் வெல்வர். ஆனால் 2016இல் ஃபேஸ்புக் வெளியிட்ட இசட்ஸ்டாண்டர்டு கம்பியைவிட விரைவாகச் சுருக்க வல்லது. அதன்பின்னும் சிபியு தேயும் என்று வாதிடுவது பழைய பஞ்சாங்கம். சுருக்கியரும் குற்றமற்றவர் அல்லர். ஜிசிப்பின் நிலைகள் 1 முதல் 9 வரை, இயல்புநிலை 6. அதைத் தாண்டினால் கிடைக்கும் இடம் அற்பம், போகும் நேரமோ மிகுதி. ஆயினும் 9 என்று ஒன்று இருக்கையில் 6இல் நிற்க அவர்தம் மனம் ஒப்புவதில்லை. இது கணினியியலின் பாற்பட்டதன்று, உளவியலின் பாற்பட்டது.

எஞ்சியது டேப். எல்டிஓ-9 டேப்பின் உண்மைக் கொள்ளளவு 18 டெராபைட். விற்பவர் கூடவே 45 என்றும் போடுவார். தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்பது அவரது நம்பிக்கை. அதற்கான சுருக்கும் வேலையை வழக்கமாக டேப் டிரைவே உள்ளுக்குள் செய்துகொள்கிறது. உள்ளபடியே எழுதினேன் என்று மார்தட்டும் அப்படியர், இவ்விடம் வந்தால் மட்டும் பேச்சை மாற்றுவர்.