கொஞ்சம் மாசிதானே!

புத்தளக் கரையிலுள்ள பள்ளிவாசல்துறையில் நத்தார் மாமி என்றொரு வகை உண்டு. கண்டுபிடிப்பது எளிது. நடுச்சாமப் பூசையில் மற்றவர்கள் குடிலில் கிடக்கும் பாலனைப் பார்த்துக் கைகூப்பியிருக்க, இவர் மட்டும் பின்னால் திரும்பித் தலைகளை எண்ணிக்கொண்டிருப்பார். இருபது பேருக்கு அழைப்பு, நாற்பது பேருக்குச் சமையல், அறுபது பேருக்குக் கவலை. இதுதான் அவருடைய டிசம்பர் கணக்கு.

மாமிக்குத் தனி அகராதி ஒன்று உண்டு. அதில் "வேண்டாம்" என்றால் இன்னும் கொஞ்சம் என்று பொருள். "போதும்" என்றால் கேட்க வெட்கமாக இருக்கிறது என்று பொருள். கையால் தட்டை மறைத்தால் கைமேல் கறி விழும். அந்த வீட்டில் யாரும் பசியோடு எழுந்ததாகச் சரித்திரம் இல்லை; சுடுசொதியில் விரல் வெந்தவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட மாமியின் வீட்டுக்குத்தான் ஒரு நத்தாருக்கு இத்தாலியிலிருந்து தம்பி மகள் வந்தாள். வென்னப்புவையைக் 'குட்டி இத்தாலி' என்று கூப்பிடும் கரை இது. இத்தாலியிலிருந்து ஆள் வருவது இங்கே புதினமே இல்லை. அவள் சொன்னதுதான் புதினம்.

"மாமி, நான் இப்ப வீகன்."

மாமி அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். காய்ச்சல் இல்லை.

இறைச்சி, மீன், முட்டை, பால், நெய், தேன் எதுவுமே இல்லை என்று பிள்ளை விரல்விட்டு விளக்கினாள். அந்தச் சொல்லே 1944இல் இங்கிலாந்தில் பிறந்ததுதான். மாமியைவிடக் கொஞ்சம்தான் மூத்தது. மாமி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் முகம் மலர்ந்தது.

"இறைச்சிதானே வேண்டாம்? மீன் வைக்கிறன்."

"மீனும் இல்லை, மாமி."

"பெரிய வெள்ளிக்கே மீன் சாப்பிடலாம், மகள்! ஆண்டவர் செத்த நாளுக்கே கூடுமெண்டால் பிறந்த நாளுக்குக் கூடாதா?"

இதற்குப் பதில் சொல்ல வேதாகமம் படித்தவர்களாலும் முடியாது.

சரி, மரக்கறிதான் என்று முடிவாயிற்று. மாமி முதலில் சோயா மீற் பக்கற் ஒன்று வாங்கிவந்தார். அதன் மேல் கணவாய்ப் படம் போட்டிருந்தது. "படத்தைப் பார்த்தால் பிள்ளை பயப்படும்" என்று தானே அதை மறைத்துவைத்தார். பிறகு பலாக்காய்க் கறி, பருப்பு, பூசணி, கத்தரிக்காய்ப் பால்கறி, தேங்காய்ச் சம்பல் என்று வரிசையாக இறக்கினார். சம்பலைத் தவிர எல்லாமே தேங்காய்ப்பாலில் வெந்தவை. புத்தளம் மாவட்டத்துத் தென்னைக்கு வீகன் என்ற சொல் தெரியாது. ஆனால் அந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பலகாரத் தட்டிலும் அப்படியே. முட்டை மஞ்சட்கருவும் தேனும் குடித்த கேக்கை நகர்த்திவிட்டால், அரிசிமா, கருப்பட்டி, தேங்காய்ப்பாலில் கிண்டிய தொதல் சாதுவாக உட்கார்ந்திருக்கும்.

ஆக, சமையலில் முக்கால்வாசி ஏற்கெனவே பிள்ளையின் கட்சி. மிச்சக் கால்வாசிக்குப் பெயர் மாசி.

சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, விறகுக்கட்டைபோல் காயவைத்தால் மாசி. அதை இடித்துத் தூவாத சம்பலைக் கோயில் இல்லாத ஊராகத்தான் மாமி பார்ப்பார். பிள்ளை ஒரு வாய் வைத்தாள், நிமிர்ந்தாள்.

"மாமி, இதுக்குள்ள மாசி போட்டீங்களா?"

"கொஞ்சம் மாசிதானே! வாசத்துக்கு."

பலாக்காய்க்கும் அதே பதில், கத்தரிக்காய்க்கும் அதே பதில். பருப்பு மட்டும் தப்பியிருந்தது. போத்தல் அதற்குள் காலியாகிவிட்டதாம்.

இத்தனைக்கும் மாமி பிறர் உணவு வழக்கத்தை மதிக்கத் தெரியாதவர் என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்து முஸ்லிம் வீட்டுக்கு அனுப்பும் கேக்கில் வருடா வருடம் பிராண்டி இராது. அதற்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி. அவர்கள் வருவார்கள் என்பதற்காகவே கோழியை ஹலால் கடையில் வாங்குவார். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து வட்டிலப்பம் வரும். இதையெல்லாம் மாமியிடம் யாரும் கெஞ்சிக் கேட்டதில்லை. கடவுள் போட்ட சட்டம் என்றால் மாமி கேள்வி கேட்கமாட்டார். கடவுள் கேட்காமலே ஒரு பிள்ளை தானாகப் போட்டுக்கொண்ட சட்டம்தான் அவருக்குப் புரியவில்லை. "ஏதும் காதல் தோல்வியோ?" என்று தம்பியைத் தனியே கூப்பிட்டு விசாரித்தும் பார்த்தார்.

எத்தியோப்பியாவில் நத்தாருக்கு முந்திய நாற்பது நாளுக்கு மேல் இறைச்சி, பால், முட்டை மூன்றையும் விட்டு நோன்பிருக்கிறார்கள் என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள். மாமியின் கண்களில் வெளிச்சம் வந்தது.

மத்தியானம் சொந்தபந்தம் கூடியது. "என்ன பிள்ளை, கோழி எடுக்கேல்லையா?" என்று ஒரு சித்தப்பா கரண்டியோடு வந்தார். மாமி குறுக்கே பாய்ந்தார்.

"விடுங்கோ! அவளுக்குத் தலவில அன்னம்மாவுக்கு நேர்த்தி."

கரண்டி அந்தரத்தில் நின்றது. மார்ச்சிலும் ஆகஸ்டிலும் ஊரே திரண்டுபோகிற தலவிலப் புனித அன்னம்மா கோயில் திருவிழாவின் பெயரைச் சொன்னபிறகு எந்தக் கரண்டி அசையும்? "எப்ப முடியுது?" என்று மட்டும் சித்தப்பா கேட்டார். "அது அன்னம்மாவுக்கும் அவளுக்கும் உள்ள கணக்கு" என்றார் மாமி.

பிள்ளை மெதுவாக, "மாமி, இது பொய்யெல்லோ?" என்றாள்.

"ஒரு உயிரையும் வருத்தமாட்டன் எண்டு இருக்கிறாய். இதைவிட என்ன நேர்த்தி வேணும்?"

ஆகவே, வீகன் விருந்தாளியை எதிர்பார்த்திருக்கும் அன்பர்களே, புதுச் சமையல் புத்தகம் தேடி அலைய வேண்டாம். தேங்காய் இரண்டு கூடத் துருவுங்கள். மாசிப் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை மட்டும் மாமியிடம் கொடுத்துவிடாதீர்கள்.