கீபோர்டுக்குப் பேச்சு வரவில்லை

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்துக்காரனுக்கு யாரும் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கவேண்டியதில்லை. பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் அட்டையில் ஓட்டை போட்டுத் தறிக்கு டிசைன் சொல்லிக்கொடுத்தார். அந்த ஓட்டை அட்டைதான் பிற்பாடு கம்ப்யூட்டருக்கும் போனது. ஆக, எங்கள் கூடத்துத் தறி கம்ப்யூட்டருக்குப் பாட்டன் முறை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதை நான் சொல்வதுண்டு. பேரன் படுத்துக்கொண்ட அன்று இந்தச் சொந்தம் கொண்டாடியது ஒன்றுக்கும் உதவவில்லை.

முந்தின ராத்திரி ஆன்டிவைரஸ் ஒரு வைரஸைப் பிடித்து ஒழித்ததாகப் பெருமையாக அறிக்கை விட்டிருந்தது. காலையில் கீபோர்டு ஊமை. மவுஸ் ஓடுகிறது, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் எரிய மறுக்கிறது. திரையோ பாஸ்வேர்டு கேட்டு நிற்கிறது. ஜரிகைக் கணக்கு, பாவுக் கணக்கு, கூலிக் கணக்கு எல்லாம் உள்ளே.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம். கவிழ்த்துத் தட்டினோம், போன தீபாவளி முறுக்கு உதிர்ந்தது. அம்மா, "வழக்கறுத்தீஸ்வரருக்கு நேர்ந்துக்கடா" என்றாள்.

"கோர்ட்டு வழக்கு ஜெயிக்கத்தாம்மா அங்கே போவாங்க."

"உனக்கும் அதுக்கும் நடக்கிறது மட்டும் என்னவாம்?"

தம்பி காந்தி ரோட்டுக்குப் போய்ப் புதுக் கீபோர்டே வாங்கிவந்தான். அதுவும் வாய் திறக்கவில்லை. என் கை பட்டால் இப்படித்தான் என்று தீர்ப்பாயிற்று. மிக்ஸி, மோட்டார், இன்வர்ட்டர் விஷயங்களில் ஏற்கெனவே வழங்கிய தீர்ப்புதான்.

கடைசியில், பட்டுக்கு டிசைன் போட்டுத் தரும் பையனைக் கூப்பிட்டோம். "மாமா, ஸ்டார்ட் ஆகும்போது எஃப்2 அழுத்துங்க" என்றான். பயாஸ் திரை வந்தது. அம்புக்குறி சொன்ன பேச்சுக் கேட்டு மேலும் கீழும் போனது. "கீபோர்டு நல்லாத்தான் இருக்கு. விண்டோஸ்தான் காதை மூடிக்கிட்டிருக்கு."

பாஸ்வேர்டு கேட்கும் திரையின் மூலையில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதைத் தொட்டு, வருகிற பட்டியலில் கேட்டால் திரையிலேயே ஒரு கீபோர்டு விரியும். மவுஸால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன். வீடே பின்னால் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தது. என் பாஸ்வேர்டில் மனைவி பெயர் இல்லை என்பது அப்படித்தான் வெளியே வந்தது. அது தனிக் கதை.

டிவைஸ் மேனேஜரில் கீபோர்டுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஆச்சரியக்குறி, எரர் கோடு 39. ஒழிந்து போனது ஒரு கீலாகராம்; நாம் தட்டுகிற எழுத்தையெல்லாம் குறித்துத் திருடனுக்கு அனுப்புகிற ஜாதி. "நெல்லுக்காரத் தெரு சித்ரகுப்தன் வேலை" என்றாள் மனைவி. அவராவது ஏடும் எழுத்தாணியுமாகப் பகிரங்கமாக உட்கார்ந்திருக்கிறார். இது டிரைவர் வேடத்தில் கீபோர்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே புகுந்து, ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர்ஃபில்டர்ஸ்' என்ற வரிசையில் தன் பெயரையும் எழுதிவைத்துவிட்டது. ஆன்டிவைரஸ் ஆளை ஒழித்தது, பெயரை விட்டுவிட்டது. தரகர் ஊரைவிட்டே ஓடிய பிறகும், "அவர் கையால் வந்தால்தான் சேலை எடுப்பேன்" என்று முதலாளி சாதிக்கிற மாதிரி விண்டோஸ் உட்கார்ந்திருந்தது. அந்த வரிசை எல்லாக் கீபோர்டுக்கும் பொது. காந்தி ரோட்டுக் கீபோர்டு என்ன செய்யும், பாவம்!

பையன் முதலில் ரெஜிஸ்ட்ரியை நகல் எடுத்து வைத்துக்கொண்டான். வரிசையில் இரண்டு பெயர். 'கேபிடிகிளாஸ்' விண்டோஸின் சொந்த ஆள்; அதில் கைவைத்தால் எந்தக் கீபோர்டும் எழுந்திருக்காது. எனக்கென்னவோ அந்தப் பெயர்தான் திருட்டுப் பெயராகப் பட்டது. நல்லவேளை, மவுஸை அவன் என்னிடம் தரவில்லை. மற்றதை நீக்கி ரீஸ்டார்ட் செய்தான். கேப்ஸ் லாக் எரிந்தது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எப்படி வந்திருக்கும்? பென் டிரைவைச் சொருகியதுமே அதில் இருப்பது தானாக ஓடுகிற வழக்கத்தை 2011-இல் பழைய விண்டோஸ்களிலும் மைக்ரோசாஃப்ட் அடக்கிவிட்டது. அதன்பிறகும் ஃபோல்டர் மாதிரி வேஷம் போட்ட ஷார்ட்கட்டாக இவை வருமாம்; திறக்கிறவன் தானே கூப்பிட்டு உட்காரவைத்துக்கொள்வான். எங்கள் வீட்டுக்கு வெளியிலிருந்து வருகிற பென் டிரைவ், டிசைன் பென் டிரைவ் ஒன்றுதான். நான் பையனைப் பார்த்தேன். அவன் விட்டத்தைப் பார்த்தான்.

போகும்போது ஒன்று சொன்னான்: இதுவரை இதில் தட்டிய பாஸ்வேர்டெல்லாம் வெளியே போயிருக்கலாம், வேறொரு சுத்தமான கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள். வீட்டிலேயே சுத்தமானது மனைவியின் போன்தானாம். பேங்க், மின்கட்டணம், மெயில் எல்லாவற்றையும் அன்று மத்தியானமே மாற்றிவிட்டாள்.

கீபோர்டு இப்போது ஜோராக வேலை செய்கிறது. பாஸ்வேர்டுதான் எனக்கு இன்னும் சொல்லப்படவில்லை.